கார் இன்ஜினின் ஐடிலிங் ஏறி இறங்குகிறது, டர்ன்டேபிளில் பாட்டின் சுருதி அலைகிறது: எங்கிருந்து சோதிப்பது?

கார் நின்றுகொண்டிருக்கும்போது இன்ஜினின் வேகம் தானாக ஏறி இறங்குகிறது என்றும், இசைத்தட்டுகளைப் போடும் டர்ன்டேபிளில் எந்தப் பாட்டைப் போட்டாலும் சுருதி அலைகிறது என்றும், ஒன்றில் ஸ்பார்க் பிளக்குகளையும் மற்றொன்றில் பெல்ட்டையும் மாற்றியும் பயனில்லை, அடுத்து எதை மாற்றுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நான் சொல்லும் முதல் வேலை ஒன்றுதான். அடுத்த பாகத்தை வாங்குவதற்கு முன், அந்த ஏற்ற இறக்கம் ஒருமுறை நடந்து முடிய எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்து பாருங்கள். சுழலும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனக்கென ஒரு சுற்றுக்காலம் உண்டு. கோளாறு எந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறதோ, அந்த இடைவெளியில் ஒருமுறை சுற்றி முடிக்கும் பாகத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டர்ன்டேபிளில் இதைச் செய்வது எளிது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டு ஒருமுறை சுற்ற 1.8 விநாடி ஆகும். 45 சுற்று வேகத்தில் 1.33 விநாடி. தட்டின் விளிம்பில் ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டிவிட்டு, பியானோவின் நீண்ட ஸ்வரங்கள் உள்ள இசைத்தட்டு ஒன்றைக் கேளுங்கள். வாய்ப்பாட்டிலும் வயலினிலும் கமகம் கோளாற்றை மறைத்துவிடும். பியானோவால் ஒரு ஸ்வரத்தை அசைக்க முடியாது என்பதால் இந்தச் சோதனைக்கு அதுவே ஏற்றது. காகிதத் துண்டு அதே இடத்துக்கு வரும்போதெல்லாம் சுருதி தாழ்கிறது என்றால், கோளாறு தட்டின் சுற்றோடு பிணைந்தது.

அப்படி இருந்தால் உடனே இயந்திரத்தைக் குறை சொல்ல வேண்டாம், வேறு சில இசைத்தட்டுகளையும் போட்டுப் பாருங்கள். இசைத்தட்டின் நடுத்துளை மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலே, மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தொலைவிலுள்ள பள்ளத்தில் ஊசி உணரும் வேகம் 0.5 சதவீதம் கூடியும் குறைந்தும் வரும். 60 மில்லிமீட்டர் தொலைவுக்கு உள்ளே வரும்போது அதுவே 0.8 சதவீதத்தைத் தாண்டும். ஓர் அரைச்சுரத்தின் இடைவெளி ஏறக்குறைய 6 சதவீதம் என்பதால், நீண்ட ஸ்வரங்களில் இந்த அளவு நன்றாகவே காதில் விழும். பக்கத்தின் முடிவை நெருங்க நெருங்க அலைச்சல் கூடுவதும், மேலிருந்து பார்த்தால் ஊசிக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் இடவலமாக ஆடுவதும் இதன் அடையாளங்கள். கரம் மேலும் கீழும் ஆடினால் இசைத்தட்டு வளைந்திருக்கிறது. இந்த இரண்டு நிலைகளிலும் மோட்டாரைத் தொட வேண்டியதே இல்லை.

எல்லா இசைத்தட்டுகளிலும் அலைச்சல் இருந்து, அது 1.8 விநாடிக்கு ஒருமுறை வந்தால், தட்டின் அச்சையும் பேரிங்கையும் பாருங்கள். 1.8 விநாடியைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்து, சுருதி தாழும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் காகிதத் துண்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போனால் அது பெல்ட்டின் சுற்று. பெல்ட்டில் ஒரு பகுதி மட்டும் தடித்தோ இளகியோ இருக்கலாம், புதிய பெல்ட்டிலும் இப்படி நேர்வதுண்டு. விநாடிக்கு நான்கைந்து முறை வரும் அதிர்வு மோட்டாரையும் அதன் கப்பியையும் சேர்ந்தது. மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு வேகம் பிணைந்த, 24 துருவங்கள் கொண்ட சின்க்ரோனஸ் மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 250 முறை சுற்றும். அதன் கப்பியில் உள்ள பழுது மெதுவான அலைச்சலாக அல்லாமல் சுரத்தின் மேல் ஒரு வேகமான நடுக்கமாகக் கேட்கும். எந்தக் காலமுறையும் இல்லாமல் எப்போதாவது சறுக்கினால், பெல்ட் ஓடும் விளிம்பையும் கப்பியையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். பழைய பெல்ட் விட்டுச்சென்ற பிசுக்கின்மேல் புதிய பெல்ட்டை மாட்டுவதால் சறுக்கல் நிற்காது.

வேகம் நிலையற்றிருப்பது வேறு, வேகமே தவறாக இருப்பது வேறு. ஸ்ட்ரோப் அட்டை, அதாவது தட்டின்மேல் வைத்துப் பார்க்கும், கோடுகள் அச்சிட்ட வட்ட அட்டை, இதைப் பிரித்துக் காட்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய வகை பல்பு விநாடிக்கு 100 முறை மினுங்குவதால், 33⅓ சுற்றில் 180 கோடுகள் கொண்ட வளையம் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். கோடுகள் ஒரே பக்கமாக நகர்ந்தால் வேகத்தைத் திருத்தினால் போதும். முன்னும் பின்னும் ஊசலாடினால்தான் அது நீங்கள் தேடும் கோளாறு.

இனி கார். நிமிடத்துக்கு 750 சுற்றில் ஐடிலாகும் இன்ஜினின் கிராங்க், அதாவது அதன் முதன்மைச் சுழல்தண்டு, விநாடிக்கு 12.5 முறை சுற்றுகிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது 0.16 விநாடிக்கு ஒருமுறை எரிகிறது. ஒரு பிளக்கோ காயிலோ இன்ஜெக்டரோ பழுதானால் விநாடிக்கு ஆறு முறை உதறல் வரும். மெக்கானிக்குகள் மிஸ்ஸிங் என்பது இதைத்தான். ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் அது உணரப்படுமே தவிர, ஆர்பிஎம் முள் பெரிதாக ஏறி இறங்காது. நீங்கள் எழுதியிருப்பதோ முள் 800-லிருந்து 1500 வரை ஏறி, இரண்டு மூன்று விநாடியில் இறங்கி, மறுபடி ஏறுகிறது என்பது. அவ்வளவு மெதுவாகச் சுழலும் பாகம் இன்ஜினில் கிடையாது. ஆகவே இங்கே ஊசலாடுவது ஒரு பாகமல்ல, வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு. நடந்ததை அறிந்து அது திருத்துவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது, திருத்தம் அளவு மீறிவிடுகிறது, அதை மறுபடி எதிர்ப்பக்கம் திருத்துகிறது. நீராவி இயந்திரங்களின் வேகக் கட்டுப்படுத்திகளையும் வாட்டிய இந்தச் சிக்கலை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868-லேயே கணித முறையில் ஆராய்ந்திருக்கிறார். பிளக் மாற்றியும் உங்கள் கார் சரியாகாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கட்டுப்பாட்டை இப்படித் தடுமாற வைப்பது பெரும்பாலும் கணக்கில் வராத காற்று: கிழிந்த வேக்யூம் ஹோஸ், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி காற்று வழிக்கு அனுப்பும் பிசிவி வால்வு திறந்தபடி சிக்கிக்கொள்வது, பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய். கூடுதல் காற்றால் வேகம் ஏறும்போது ஈசியு என்ற இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி காற்று வழியை முடிந்தவரை மூடுகிறது. அதற்கு மேலும் வேகம் ஏறினால், ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு வண்டி உருண்டுகொண்டிருக்கிறது என்று கருதி எரிபொருளை நிறுத்திவிடுகிறது. வேகம் விழுந்ததும் மறுபடி கொடுக்கிறது. வேகம் மறுபடி ஏறுகிறது. ரம்பத்தின் பற்களைப் போல் சீராக ஏறி விழும் ஐடிலைக் கண்டால் நான் காற்றுக்கசிவைத்தான் முதலில் தேடுவேன்.

காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுச் சோதியுங்கள். மூடிய இடத்தில் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். முதலில் ஏசியை அணைத்துப் பாருங்கள். ஏற்ற இறக்கம் கம்ப்ரசரின் கிளட்ச் ஒட்டி விலகும் சத்தத்தோடு சேர்ந்து வந்திருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள், ஏனெனில் சில கார்களில் ஐடிலுக்கான காற்றைக் கட்டுப்படுத்தும் ஐடில் வால்வின் வழியே கூலன்ட் ஓடுகிறது, அதில் காற்றுக்குமிழி சிக்கினாலும் வேகம் ஊசலாடும். பிறகு பெடலை மெதுவாக அழுத்தி 2000-ல் நிலையாகப் பிடியுங்கள். அங்கே இன்ஜின் சீராக ஓடினால் கோளாறு காற்றுக்கசிவிலோ ஐடில் கட்டுப்பாட்டிலோ இருக்கும். அங்கும் தடுமாறினால் எரிபொருள், இக்னிஷன், சென்சார்கள் என்று போக வேண்டும்.

ஈசியுவின் தகவல்களைப் படிக்கும் ஸ்கேனர் கிடைத்தால் ஃப்யூல் ட்ரிம் எண்களை, அதாவது ஈசியு எரிபொருளை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ திருத்துகிறது என்பதை, பாருங்கள். காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள இன்ஜினில், ட்ரிம் ஐடிலில் 15, 20 சதவீதம் கூடுதலாக இருந்து 2500 சுற்றில் பூஜ்யத்தை நெருங்கினால் காற்றுக்கசிவு ஏறக்குறைய உறுதி. பளு கூடக்கூட எண்ணும் கூடினால் எரிபொருள் அழுத்தம் போதாமல் இருக்கலாம். கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கப் புகை செலுத்திப் பார்க்கும் கருவியே சிறந்தது. சூடான இன்ஜின்மேல் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்க்கும் பழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை; அது தீப்பற்றக்கூடியது.

கசிவு எதுவும் இல்லையென்றால், இன்ஜினுக்குள் போகும் காற்றைத் தகடு ஒன்றால் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்த கரியைச் சுத்தம் செய்யுங்கள். மின்னணு த்ராட்டிலின் தகட்டை விரலால் தள்ளித் திறக்காதீர்கள், உள்ளேயுள்ள பற்சக்கரங்கள் சேதமடையலாம். சுத்தம் செய்தபின் பல கார்களில் ஐடிலை ஈசியுவுக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சுத்தம் செய்ததே ஏற்ற இறக்கத்துக்குக் காரணமாகிவிடும்.

டர்ன்டேபிளிலும், பாகம் அல்லாமல் கட்டுப்பாடே தடுமாறும் இந்த இரண்டாம் வகைக் கோளாறு உண்டு. உங்களுடையதில் டிசி மோட்டார் இருந்தால், அதன் வேகத்தை ஒரு சிறு மின்சுற்று கட்டுப்படுத்தும். நீங்கள் அளக்கும் அலைச்சல் தட்டு, பெல்ட், மோட்டார் எதன் சுற்றோடும் பொருந்தவில்லை என்றால், மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேகத்தைத் திருத்தத் திருப்பும் பொட்டென்ஷியோமீட்டரில் (மாற்றக்கூடிய மின்தடை) கான்டாக்ட் கிளீனர் விட்டு இருபுறமும் பலமுறை திருப்புங்கள்; அது முன்பு நின்ற இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகும் அலைந்தால் பழைய கெப்பாசிட்டர்களை மாற்ற வேண்டியிருக்கும். இரண்டிலும் நீங்கள் அளந்த விநாடிகளையும், காரில் ஐடிலிலும் 2500-லும் கிடைத்த ட்ரிம் எண்களையும் எழுதினால், அடுத்து எதைத் திறந்து பார்ப்பது என்று சொல்ல முடியும்.