கூம்புத் தொட்டியும் கோதையாற்றுத் தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

குமரி மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பகுதி நேரமாகப் பிஎச்டி. தலைப்பு, ‘சிக்கலான அமைப்புகளுக்கான கன்ட்ரோலர் வடிவமைப்பு’. சொல்லும்போது பெரிதாக இருக்கிறது. செய்வது என்னவோ கூம்பு வடிவத் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் கட்டுப்படுத்துவதுதான். முதலில் பிஐடி (பிழையின் இப்போதைய அளவு, சேர்ந்த அளவு, மாறும் வேகம் மூன்றையும் பார்த்துத் திருத்தும் வழக்கமான கன்ட்ரோலர்), அப்புறம் ஃபஸ்ஸி (‘கொஞ்சம்’, ‘நிறைய’ மாதிரிச் சொல் விதிகளில் ஓடுவது), அப்புறம் எறும்புக் கூட்டம், இப்போது சாம்பல் ஓநாய். கடைசி இரண்டும் உயிரினக் கூட்டங்கள் இரை தேடுவதைப் பின்பற்றிக் கன்ட்ரோலரின் எண்களைத் தேடும் கணினி முறைகள். ஒவ்வொரு தடவையும் சிமுலேஷனில் ஓவர்ஷூட் (மட்டம் இலக்கைத் தாண்டி எகிறுவது) கொஞ்சம் குறைகிறது, ஒரு கட்டுரை வருகிறது. அடுத்து, செய்து பார்த்துத் தானே கற்கும் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் செய்யச் சொல்கிறார் நெறியாளர். இதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது என்று எனக்கே பிடிபடவில்லை.

நிஜமான பிளான்ட்டில் ஏதாவது செய்யலாம் என்றால் நம் மாவட்டத்தில் ரிஃபைனரி உண்டா, உரத் தொழிற்சாலை உண்டா? ரப்பரையும் தென்னையையும் நெல்லையும் வைத்துக்கொண்டு கன்ட்ரோல் ஆராய்ச்சி செய்ய முடியுமா? நீங்கள் இந்தத் துறையில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)
தக்கலை

அன்புள்ள தக்கலை வாசகருக்கு,

நெல் இருக்கிறதே, அது போதும். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் தொட்டி.

தமிழ்நாட்டு இன்ஸ்ட்ருமென்டேஷன் துறைகளுக்குக் கூம்புத் தொட்டி குலதெய்வம் மாதிரி. எந்த லேபுக்குள் நுழைந்தாலும் ஒரு மூலையில் நிற்கும். நேர்சுவர்த் தொட்டியில் மட்டம் எங்கே இருந்தாலும் ஒரு லிட்டர் ஊற்றினால் ஒரே அளவுதான் ஏறும். கூம்பில் அடிப்பக்கம் ஊற்றினால் சடாரென்று ஏறும், மேலே போகப் போக அசைவே தெரியாது. ஆகவே அடியில் ஒழுங்காக ஓடும் பிஐடி எண்கள் மேலே மந்தமாகிவிடும், மேலே சரியாக இருப்பவை அடியில் ஆட்டம் போடும். பாடம் நடத்த அருமையான சாதனம், மறுக்கவில்லை. ஆனால் இந்த முடிச்சை அவிழ்க்க ஓநாய் எதற்கு? உயரத்தை அளந்து, அதன் மும்மடியை எடுத்துக் கொள்ளளவாக மாற்றி, அந்தக் கொள்ளளவைக் கட்டுப்படுத்துங்கள். உள்ளே வரும் தண்ணீருக்கும் கொள்ளளவுக்கும் உள்ள உறவு நேர்கோடு. மிச்சம் இருப்பது வெளியேறும் பக்கத்து வர்க்கமூலம்தான், அது சாது. கட்டுரைகளின் முதல் பத்தியில் மிரட்டும் ‘கடுமையான நேரிலித்தன்மை’ இவ்வளவுதான்.

அப்புறம், யாரை ஜெயித்தீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரைகளில் தோற்பது பெரும்பாலும் பிஐடி எண்களைத் தேர்ந்தெடுக்க ஸீக்லர், நிக்கல்ஸ் இருவரும் தந்த விதி. அவர்கள் 1942இல் விதி போட்டபோது ஒவ்வொரு அலையும் முந்தைய அலையில் கால்பங்காக அடங்கினால் போதும் என்றுதான் வைத்தார்கள். இடையூறு வந்தால் லூப் (அளந்து, திருத்தி, மறுபடி அளக்கும் சுற்று) சீக்கிரம் மீள வேண்டும் என்பது அவர்கள் கவலை. ஓவர்ஷூட் அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. ஓவர்ஷூட்டில் அதைத் தோற்கடிக்க ஒரு மிருகமும் தேவையில்லை, கெயினை (பிழைக்கு எவ்வளவு பலமாகத் திருத்துவது என்ற எண்ணை) பாதியாக்கினாலே நிறையக் குறையும். துணிவிருந்தால் ஸ்கோகெஸ்டாட் 2003இல் எழுதிய எளிய விதியோடு மோதிப் பாருங்கள். அதில் நீங்கள் தேர்ந்தெடுப்பது ஒரே ஒரு எண், மூடிய லூப் எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும் என்பது. பிளான்ட்டில் எவ்வளவு டெட் டைம் (செய்த மாற்றத்தின் பலன் தெரியத் தொடங்கும்வரை ஆகும் தாமதம்) இருக்கிறதோ அதற்குச் சமமாக வையுங்கள் என்கிறார். அதோடு வால்வின் எல்லை, சென்சாரின் இரைச்சல், மாடலில் இருபது சதவீதப் பிசகு மூன்றையும் சேர்த்து ஓட்டினால் ஓநாய்க்கும் எறும்புக்கும் வித்தியாசம் தெரிவது கஷ்டம்.

இதற்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி வேறு. உங்கள் தொட்டியில் தவறு நடந்தால் யாருக்கு நஷ்டம்? யாருக்கும் இல்லை. அதனால்தான் அங்கே ஆராய்ச்சி கிடைக்க மாட்டேன் என்கிறது. கன்ட்ரோலர் பிழையை இல்லாமல் ஆக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. எந்த அலைவரிசையில் குறைத்தீர்களோ அதற்கு ஈடாக வேறொன்றில் கூடும் என்பது 1940களில் போடே காட்டிய கணக்கு. டெட் டைமும் ஆக்சுவேட்டரின் (வால்வு, ஷட்டர் மாதிரி இயக்கும் கருவியின்) எல்லையும் உள்ள அமைப்பில் அதிலிருந்து தப்பவே முடியாது. அந்தப் பிழையை எங்கே கொண்டுபோய் வைப்பது, யார் தாங்குவார்கள் என்று முடிவெடுப்பதற்குப் பெயர்தான் வடிவமைப்பு. இதை எங்கே பார்க்கலாம் என்றால், உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போதும்.

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையைத் திருவிதாங்கூர் அரசு 1897இல் தொடங்கி 1906இல் முடித்தது. பிறகு பெருஞ்சாணி, சிற்றாறு ஒன்று, இரண்டு. புத்தன் அணையில் பிரிந்து கால்வாய்கள் நாஞ்சில் நாட்டுக்குள் போகின்றன. தோவாளைக் கால்வாயின் வால் பக்கத்து மாவட்டத்து ராதாபுரம் வரைக்கும் நீள்கிறது. ஜூனில் முதல் நெல் போகமான கன்னிப்பூவுக்கு அணை திறந்தால் இரண்டாம் போகமான கும்பப்பூ முடியும்வரை ஓடும். ஆண்டுதோறும் ஒரே புகார், கடைமடைக்குத் தண்ணீர் சேரவில்லை. ஆட்களையும் ஆக்கிரமிப்பையும் திட்டுகிறோம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் எல்லோரும் யோக்கியராக இருந்தாலும் பிரச்சினையில் பெரும்பங்கு அப்படியே இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அலை நொடிக்குச் சுமார் 3.1 மீட்டர் போகும். ஓட்டத்தின் வேகம் 0.7 மீட்டர் என்று சேர்த்தால் 3.8. மேலே ஷட்டரைத் தூக்கிய சேதி பத்து கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சேர முக்கால் மணி நேரம். அது வெறும் சேதிதான். கூடுதல் தண்ணீர் முழுசாக வந்து மட்டம் நிலைப்பதற்கு இன்னும் சில மணி நேரம் ஆகும். இடையில் மடைகள், குளங்கள், ராத்திரியில் திறக்கும் வரப்புகள், திடீரென்று அடிக்கும் மழை. நம் ஊரில் இரண்டு பருவமும் பெய்யும் என்பதால் இடையூறு கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். இந்த அமைப்பை வைத்துக்கொண்டு ‘சிக்கலான அமைப்பு’ வேறு எங்கே தேடுவது?

கால்வாய் லஸ்கர் ஒருவர் ஷட்டர் இயக்குவதைப் பார்த்திருக்கிறேன். திருகுக் கம்பியில் கிரீஸ் அப்பியிருந்தது, அதன் பக்கத்துத் தூணில் சுண்ணாம்புக் கோடுகள். சக்கரத்தை ஒரு கோடு அளவுக்குச் சுற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கீழே வயல்காரர் ஒருவர் செல்போனில் கத்திக்கொண்டிருந்தார், இன்னும் கொஞ்சம் தூக்கச் சொல்லி. இவர் அசையவில்லை. “தண்ணி அங்க எத்தட்டு, பொறவு பாப்போம்” என்றார். அவசரப்பட்டு இரண்டாம் முறை தூக்கினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். முதல் தண்ணீரும் இரண்டாம் தண்ணீரும் சேர்ந்து வந்து கரையை உடைக்கும். தாமதத்தை மாடலாக வைத்துக்கொண்டு ‘அனுப்பியாயிற்று, இன்னும் வரவில்லை’ என்று கணக்கு வைக்கும் கன்ட்ரோலரை ஓட்டோ ஸ்மித் 1957இல் எழுதினார். லஸ்கர் அதைக் கோட்டுக் கணக்கில் வைத்திருக்கிறார். மினோர்ஸ்கி 1922இல் கப்பல் திசைதிருப்பலை ஆராய்ந்தபோது சுக்கான் பிடிப்பவர்களைக் கவனித்துத்தான் பிஐடியின் மூன்று உறுப்புகளுக்கும் வந்தார். நீங்கள் ஃபஸ்ஸி செய்ததாகச் சொல்கிறீர்களே, அந்த விதிகளை யாரைப் பார்த்து எழுதினீர்கள்? மம்தானி 1970களில் நீராவி இயந்திரத்துக்கு ஃபஸ்ஸி விதி எழுதியபோது மனித இயக்குநரின் அனுபவத்தை விதியாக்குவதுதான் நோக்கம்.

இப்போது பிழை யார் தலையில் என்பதைப் பாருங்கள். ஒவ்வொரு ஷட்டரும் தனக்கு மேல்பக்கத்து மட்டத்தைக் காப்பாற்றினால், வழியில் நேரும் அத்தனை பிசகும் கீழே தள்ளப்படும். கூடினாலும் குறைந்தாலும் கடைமடைக்கே. மாற்றி, ஒவ்வொரு ஷட்டரும் தனக்குக் கீழே உள்ள பகுதியின் கடைசி முனையில் உள்ள மட்டத்தைப் பார்த்து இயங்கினால், குறைவு மேலே மேலே ஏறி அணைக்குப் போய்ச் சேரும். அணையில் இருப்பு இருக்கிறது, தாங்கும். அதே ஷட்டர், அதே தண்ணீர். எந்த சென்சாரை எந்த ஷட்டரோடு கட்டினோம் என்பது மட்டும்தான் வேறு. ஆனால் இந்த இரண்டாவது முறையில் தாமதம் லூப்புக்குள் வந்துவிடுகிறது. கவனிக்காமல் விட்டால் கீழே சின்னதாகத் தொடங்கிய ஆட்டம் ஒவ்வொரு ஷட்டரிலும் கொஞ்சம் பெருத்து மேலே போகும். இந்தப் பெருக்கத்தை அடக்குவது உலகளவில் நடந்துவரும் ஆராய்ச்சி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தார் இதில் வேலை செய்து, கால்வாய்களில் தானியங்கி ஷட்டர்கள் ஓடவும் செய்கின்றன.

மாடலுக்கும் பயப்பட வேண்டாம். 1990களில் நெதர்லாந்தின் ஸ்கூர்மன்ஸ் காட்டியது போல, இரண்டு ஷட்டர்களுக்கு நடுவே உள்ள கால்வாய்த் துண்டுக்கு இரண்டு எண் போதும். மேல்பகுதியின் தாமதம் ஒன்று, கீழ் ஷட்டருக்கு மேல்பக்கத்தில் தேங்கி நிற்கும் தண்ணீரின் பரப்பு இன்னொன்று. இரண்டையும் ஒரு ஸ்டெப் டெஸ்டில் (ஷட்டரை ஒரே தடவை தூக்கிவிட்டு மட்டம் மாறுவதைப் பதிவு செய்வது) அளந்துவிடலாம். உங்கள் கோதையாற்றுக் கால்வாயில் ஒரே ஒரு துண்டுக்கு, மழை நாளில் ஒன்று, வெயில் நாளில் ஒன்று என்று இந்த எண்களை அளந்து பதினைந்து பக்கம் எழுதினால், அது ஓநாய்க் கட்டுரைகள் எல்லாவற்றையும் விடக் கனமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

வழியில் உள்ள குளங்களை மறந்துவிடாதீர்கள். உங்கள் தொட்டிப் பயிற்சி அங்கே உங்களைத் தவறாக வழிநடத்தும். குளத்து மட்டத்தை நூல் பிடித்தாற்போல் நிறுத்தினால், மேலே வரும் ஏற்ற இறக்கம் அப்படியே கீழே போகும். அப்புறம் குளம் எதற்கு? மட்டம் எல்லைக்குள் அலையட்டும், வெளியே போகும் ஓட்டம் நிதானமாக இருக்கட்டும் என்று விட வேண்டும். ஆலைகளிலும் பாதித் தொட்டிகள் இதற்காகத்தான் நிற்கின்றன. செட்பாயிண்ட்டில் (வைத்த இலக்கில்) கோடு போட்ட மாதிரி நிற்கும் மட்டத்தைக் காட்டிப் பெருமைப்படும் புது இன்ஜினியர்களைக் கன்ட்ரோல் ரூமில் நிறையப் பார்த்தாயிற்று.

கால்வாய் பிடிக்கவில்லை என்றால் வேறும் உண்டு. கோதையாறு மின்நிலையங்களை எடுங்கள். நீண்ட குழாயில் உள்ள தண்ணீர் வேகம் பிடிக்க நேரம் வேண்டும். வாயைத் திறந்ததும் டர்பைன் முன்னால் அழுத்தம் இறங்கி, பவர் கூடுவதற்கு முன் ஒரு கணம் குறையும். டர்பைனின் வேகத்தைக் காக்கும் கவர்னர் என்ற கருவி அவசரப்பட்டால் காரியம் கெட்டது. முப்பந்தலில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில், கன்ட்ரோலரே இல்லாத கட்டுப்பாட்டைப் பார்க்கலாம். பழைய காற்றாலைகள் பலவற்றில் இறக்கை திரும்பாது. காற்று மிஞ்சினால் இறக்கையின் வடிவமே ஓட்டத்தை முறித்துப் பவரை அடக்கும். புதியவற்றில் இறக்கை திரும்பிக் காற்றைக் கழித்துவிடும். இதே கன்ட்ரோலரைக் கடலில் மிதக்கும் காற்றாலையில் வைத்தால் வேடிக்கை. மிதவை முன்னால் சாயும்போது எதிர்க்காற்று கூடியதாகத் தெரியும், இறக்கை திரும்பும், தள்ளுவிசை குறையும், மிதவை இன்னும் முன்னால் சாயும். தரையில் நல்ல பிள்ளையாக இருந்தது கடலில் ஆட்டத்துக்கு எண்ணெய் ஊற்றும். மிதவையின் ஆட்டத்தைவிடக் கன்ட்ரோலரை மெதுவாக்குவது ஒரு வழி, ஆனால் அப்போது டர்பைனின் வேகம் கொஞ்சம் அலையும். மறுபடியும் பிழைக்கு இடம் தேடுகிறோம்.

நெறியாளர் சொல்லும் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்கைச் செய்யுங்கள், தப்பில்லை. முந்தைய மோகங்களின் கதையை மட்டும் படித்துவிட்டுச் செய்யுங்கள். உகந்த கட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, அதன் எல்க்யூஜி முறையில் (இரைச்சலுக்கு நடுவே நிலையை மதிப்பிட்டு உகந்த திருத்தம் செய்வது), மாடல் பிசகினால் தாங்க நிலைத்தன்மையில் எவ்வளவு இடைவெளி மிஞ்சும் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டு 1978இல் டாயல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அதன் சுருக்கமே ‘எதுவும் கிடையாது’ என்பதுதான். அதற்கும் முன்னால், 1967 நவம்பரில், தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் கன்ட்ரோலர் வைத்த எக்ஸ்-15 விமானம் விழுந்து மைக்கேல் ஆடம்ஸ் இறந்தார். சுழற்சியிலிருந்து மீண்ட பிறகு, குறைய வேண்டிய கெயின் குறையாமல் நின்றுவிட்டது. கற்கும் கன்ட்ரோலர் தப்புச் செய்துதான் கற்கும். கால்வாயில் ஒரு தப்பு என்றால் யாருடைய நாற்றங்காலோ காய்கிறது. ஆகவே அளந்து எடுத்த மாடலில் ஓடவிட்டு, லஸ்கரின் முறையோடும் பிஐடியின் மூன்றாவது உறுப்பு இல்லாத ஒரு சாதாரண பிஐயோடும் ஒப்பிடுங்கள். தோற்றால் அதையும் எழுதுங்கள். பல்கலைக்கழகக் கணக்குக்குத் தொட்டிக் கட்டுரைகள் ஏற்கெனவே இருக்கின்றன அல்லவா, அவை முதல் அத்தியாயத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். ஜூன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அணை மூடியபின் கோடையில் கால்வாய் காய்ந்து கிடக்கும்போதுதான் குறுக்குவெட்டையும் சரிவையும் டேப்பும் லெவலும் வைத்து அளக்க முடியும், தண்ணீர் வந்த பிறகு முடியாது. நீர்வளத் துறைக்கு விண்ணப்பத்தைக் கல்லூரி லெட்டர்ஹெட்டில் இப்போதே கொடுத்துவிடுங்கள். ஷட்டரை நீங்கள் தொடப் போவதில்லை, லஸ்கர் வழக்கமாகத் திறக்கும் நேரத்தில் மட்டத்தை மட்டும் பதிவு செய்வீர்கள் என்று அதில் தெளிவாக எழுதுங்கள். மட்டம் அளக்கும் அல்ட்ராசானிக் சென்சாரைக் கம்பத்தில் மாட்டும்போது கரையிலிருந்து நன்றாகத் தள்ளி மாட்டுங்கள், புல் வளர்ந்து எதிரொலி கொடுக்கும்.