எட்டாம் அளவுகோல் உயர்ந்ததும் ஸ்கிசோஃப்ரினியாவா?

வணக்கம். எம்எம்பிஐ-2 என்ற மனநல, ஆளுமை வினாத்தாள் சோதனையின் பயிற்சியில், ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்றே பெயர் கொண்ட எட்டாம் அளவுகோலின் டி மதிப்பு (சராசரியை 50 ஆக வைத்த மதிப்பெண்) 78 என்று வந்ததும் உங்கள் முதுகலை மாணவர்கள் ‘ஸ்கிசோஃப்ரினியா’ (மனச்சிதைவு நோய்) என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள், எப்படித் திருத்துவது என்று கேட்டிருந்தீர்கள். வாசிக்கும் வரிசையை மாற்றுங்கள்.

மருத்துவ அளவுகோல்களைத் தாளால் மறைத்துவிட்டு, பதில்களை நம்பலாமா என்று காட்டும் செல்லுபடி அளவுகோல்களை மட்டும் முதலில் எழுதச் சொல்லுங்கள். 567 வினாக்களில் 30 அல்லது அதற்கு மேல் விடுபட்டிருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். அடுத்து விரின், அதாவது பதில்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்று பார்க்கும் அளவுகோல். அதன் டி மதிப்பு 80ஐத் தொட்டால் பதில்கள் முன்னுக்குப் பின் முரண். எட்டாம் அளவுகோலுக்கு அதன்பின் பொருளே இல்லை. விரின் சரியாக இருந்து, பெரும்பாலோர் தராத அரிய பதில்களை எண்ணும் எஃப் அளவுகோல் உயர்ந்தால்தான், கடும் துன்பமா மிகைப்படுத்தலா என்று யோசிக்க இடமுண்டு.

இதை மனதில் பதிய வைக்க ஒரு பயிற்சி: வினாவைப் படிக்காமல், நாணயம் சுண்டி ஒரு விடைத்தாளை நிரப்பித் திருத்தச் சொல்லுங்கள். எஃப் உச்சிக்குப் போகும், கூடவே எட்டும் ஏறும். ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மாணவர்களின் சொந்த விடைகளை மட்டும் வகுப்பில் அலச வேண்டாம். அது அவர்களின் அந்தரங்கம்.

கையால் திருத்தினால் கே கூட்டலையும் (தற்காப்புப் போக்கைக் காட்டும் கே அளவுகோலின் மதிப்பெண்ணைச் சில மருத்துவ அளவுகோல்களோடு கூட்டுவது) சரிபாருங்கள்: எட்டாம் அளவுகோலுக்கு முழு கே, நான்காம் அளவுகோலுக்கு 0.4 மடங்கு. ஆண், பெண் வரைபடத் தாள்களும் அடிக்கடி மாறிப்போகும். நோயறிதலை நேர்காணலும் நோய் வரலாறும் சேர்ந்த பிறகே எழுத வேண்டும். அதுவரை அறிக்கையில் ‘கருதுகோள்’ என்றே இருக்கட்டும்.