முழங்கையால் துடைத்த கணக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. உங்கள் கட்டுரைகளை கம்பெனி பஸ்ஸில்தான் படிப்பேன். என் தங்கை இந்த வருஷம் பத்தாவது முடித்திருக்கிறாள். மற்ற பாடங்களில் 80க்கு மேல், கணக்கில் மட்டும் 61. எனக்குப் பத்தாவதில் கணக்கில் 98. நான் அதற்காக உட்கார்ந்து படித்ததே கிடையாது, இயல்பாகவே வந்தது. (இன்ஜினியரிங் சேர்ந்த பிறகு எம்-டூ என்கிற இரண்டாவது கணக்குப் பேப்பரில் இரண்டு தடவை அரியர் விழுந்தது. என் திறமை அவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டேன். எப்படியோ பாஸ் செய்து, அத்தோடு கணக்கை விட்டுவிட்டேன்.) தங்கைக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் வருவதில்லை. சாயங்காலம் மாட்டைப் பார்த்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, சமையலை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் நோட்டின் மேலேயே தூங்கிவிடுகிறாள். ஆர்வம் இல்லை என்றே தோன்றுகிறது. ப்ளஸ் ஒன்னில் மூன்றாவது குரூப்பில், அதாவது காமர்ஸில், சேர்த்துவிடலாம் என்கிறார்கள் வீட்டில். கணிதத் திறமை பிறவியிலேயே அமைவதுதானே? ராமானுஜனைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. அபாகஸ் மாதிரி வகுப்புகளில் சேர்த்தால் பலன் இருக்குமா? உங்கள் நாவல் எப்போது வரும்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நாவல் இன்னும் முடியவில்லை, முடிந்ததும் இங்கேயே சொல்கிறேன். அபாகஸ் வேண்டாம். மணியை வேகமாகத் தள்ளுவதும் அல்ஜீப்ரா புரிவதும் வேறு வேறு வேலை. மூன்றாவது குரூப் ஒன்றும் குறைந்ததில்லை, அதிலும் கணக்குப்பதிவியல் இருக்கிறது, அதை முதுகெலும்பாக வைத்து நல்ல வாழ்க்கை அமைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அதை விரும்பி எடுப்பது வேறு, "உனக்குக் கணக்கு வராது" என்று சொல்லித் தள்ளிவிடுவது வேறு.

போன மாதம் அம்மாவின் திதிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் மகன், எட்டாவது படிக்கிறான், நோட்டை மூடி வைத்துவிட்டு "எனக்குக் கணக்கு வராது சித்தப்பா" என்றான். ஒரு வருத்தமும் இல்லாமல், எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பதுபோலச் சொன்னான். அன்றிலிருந்து அந்த 'வராது' மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள், கோபப்பட்டாலும் சரி. நீங்கள் பத்தாவது படித்தபோது உங்கள் வீட்டு மாட்டை யார் பார்த்தார்கள்? சொசைட்டிக்கு யார் பால் ஊற்றினார்கள்? பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு ராத்திரி படுக்கும்வரை உங்களுக்கு எத்தனை மணி நேரம் சும்மா கிடைத்தது? 'இயல்பாகவே வந்தது' என்கிறீர்கள். அந்த இயல்புக்கு வீட்டில் யாரோ இடம் ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள், அது உங்கள் கண்ணில் படவில்லை. உங்கள் தங்கையின் மூன்று வேலைகளை உங்கள் கையாலேயே வரிசையாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே 'ஆர்வம் இல்லை' என்று தீர்ப்பும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரிகளையும் இன்னொரு முறை படியுங்கள். அவ்வளவு வேலைக்குப் பிறகும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று எப்படி அய்யா மனசு வந்து எழுதினீர்கள்?

சரி, அந்த 'வராது'க்கு வருகிறேன். நாம் கணக்கைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறோம். கோலம் போடு, முடிச்சுப் போடு என்கிற மாதிரி கணக்குப் போடு என்கிறோம். கை செய்கிற வேலை அது. தப்பாகப் போகும், அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம். அப்புறம் 'கணக்கு வரும், வராது' என்கிறோம். மாரியம்மன் பண்டிகையில் சாமி வருவது போல. பம்பை அடிக்கிறபோது பக்கத்தில் நிற்கிற பத்துப் பேரில் ஒருவர் மேல் வரும், மற்ற ஒன்பது பேர் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். வகுப்பறையை நாம் அப்படி ஆக்கி வைத்திருக்கிறோம். முதல் பெஞ்சில் நாலு பேருக்கு வரும், மற்றவர்கள் அவர்களைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

எனக்கும் இது நடந்தது. ஒன்பதாவதில் அரையாண்டு விடைத்தாள் கொடுக்கும்போது வாத்தியார் என் தாளைத் தூக்கிக் காட்டி, "உங்க வம்சத்துக்கே கணக்கு வராதுடா, கிராப்பும் ஜாமெட்ரியும் மட்டும் போட்டுப் பழகு, பாஸ் ஆயிடலாம்" என்றார். எந்த அர்த்தத்தில் வம்சம் என்றார் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கும் பத்தாம் வகுப்புத் தாளில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 மார்க் இருக்கிறது, இன்றைக்கும் இதே அறிவுரை பின் பெஞ்சுக்கு அன்பாகவே வழங்கப்படுகிறது. நானும் அப்படியே செய்தேன். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி கொடுத்தால் அதிலிருந்து இரண்டு தொடுகோடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். மையத்தையும் புள்ளியையும் சேர், நடுப்புள்ளி எடு, அங்கே ஊசியை ஊன்று, இன்னொரு வட்டம் போடு, வெட்டுகிற இடங்களைச் சேர். முழு மார்க் வரும். அந்த நடுப்புள்ளியில் ஏன் ஊசியை ஊன்றுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை, கேட்கலாம் என்று எனக்கும் தெரியவில்லை. நாற்பது வயதுக்கு மேல் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். அரைவட்டத்தில் அமையும் கோணம் 90 பாகை, தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்து, அதனால்தான் அந்த இரண்டாவது வட்டம். அன்றைக்கு எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டேன். அத்தனை வருஷம் கையில் காம்பஸ் இருந்தது, காரணம் மட்டும் எனக்கு எட்டாத உயரத்தில் இருப்பதாக நம்பவைக்கப்பட்டிருந்தேன்.

'உங்க வம்சம்' என்றாரே, அந்த வம்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கொட்டாய், சின்ன ஊர், பாப்பாரப்பட்டி பக்கம். மாசி, பங்குனியில் ஊரே புளி தட்டும். ஓட்டை உடைத்து, நார் உரித்து, கொட்டையை எடுத்துப் பூப்புளியாகக் கொடுத்தால் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் கூலி, அன்றைக்கு. அம்மாவின் விரல் நுனிகள் புளியில் ஊறி வெடித்துக் கிடக்கும், களி தின்னும்போது உப்புப் பட்டால் முகம் சுளிப்பாள். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஒருநாள் சாயங்காலம் வியாபாரியின் ஆள் எடை போட்டு 51 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனான். அம்மா அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். "முப்பத்து நாலு கிலோவுக்குத்தான் காசு குடுத்திருக்கே. நான் போட்டது பன்னண்டு கூடை, கூடைக்கு மூணு. இன்னும் ரெண்டு கிலோ எங்கே போச்சு?" மறுபடி எடை போட்டார்கள். 36.

51ஐ எப்படி 34 ஆக்கினாள் என்று ராத்திரி கேட்டேன். தரையில் புளியங்கொட்டையைப் பரப்பிக் காட்டினாள். ரெண்டு கிலோவுக்கு மூணு ரூபாய். அப்போ ஐம்பத்தொன்றை மூணு மூணாகப் பிரி, பதினேழு குவியல். குவியலுக்கு ரெண்டு கிலோ. முப்பத்து நாலு. இது ஒரு சமன்பாடு, அதைத்தான் அந்த வருஷம் வகுப்பில் எக்ஸ் போட்டுக் கரும்பலகையில் எழுதி என்னைத் தலைகுனிய வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் புரியப் பத்து வருஷம் ஆனது. அம்மாவிடம் "உனக்குக் கணக்கு நல்லா வருதே" என்றால் "எனக்கென்னடா கணக்கு தெரியும், கூலி வாங்கத் தெரியும்" என்பாள்.

இதைச் சொன்னால் உடனே சிலர் 'அந்தக் காலத்து மூளை', 'படிக்காத மேதை' என்று கைகூப்பிவிடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அம்மா மேதை இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் வருஷக்கணக்கில் ஏமாந்திருக்கிறாள், அவளே சொல்லியிருக்கிறாள். அப்புறம் தினமும் விளக்கு அணைக்கும் முன் கொட்டையை வைத்துப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். தப்பாகப் போட்டிருக்கிறாள், கலைத்திருக்கிறாள். வண்டிக்காரனுக்கு முன்னால் அவள் நின்ற அந்த அரை நிமிஷம்தான் ஊருக்குத் தெரியும், கலைத்த கொட்டைகளை யாரும் பார்க்கவில்லை.

ராமானுஜன் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரையும் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்கிறேன். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் கொடுத்தாள் என்ற கதையைத்தான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவருடைய பக்தி உண்மையானது, அதில் கைவைக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் சிலேட்டுக் கதையை ஏன் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை? காகிதம் வாங்கக் காசில்லாததால் அவர் சிலேட்டில்தான் கணக்குப் போட்டார். போடுவார், முழங்கையால் துடைப்பார், மறுபடி போடுவார். துணி எடுத்துத் துடைக்கக்கூடப் பொறுமை கிடையாது. கடைசியில் வந்த விடையை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டுகளைத்தான் உலகம் பார்த்தது. வழியெல்லாம் துடைக்கப்பட்டுவிட்டது, விடை மட்டும் வரிசையாக நிற்கிறது, அதனால் வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கிறது. அவற்றுக்கெல்லாம் நிரூபணம் எழுதி முடிக்கப் பின்னால் வந்த கணித மேதைகளுக்கே பல பத்தாண்டுகள் பிடித்தன.

பதினாறு வயது வாக்கில் அவர் கைக்குக் கார் என்பவர் தொகுத்த ஒரு ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. ஏறக்குறைய 5,000 முடிவுகள், பெரும்பாலும் விளக்கமே இல்லாமல். அதை ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்தார். அதிலேயே மூழ்கி, மற்ற பாடங்களை விட்டு, கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார், அப்புறம் சென்னையிலும் எஃப்.ஏ. என்கிற அந்தக் காலத்துக் கல்லூரிப் பரீட்சையில் தோற்றார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் இங்கிலாந்தின் கணித மேதை ஹார்டிக்குக் கடிதம் எழுதும்போது அந்தச் சிலேட்டோடு பத்து வருஷம் ஓடியிருந்தது. 1729 கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரைப் பார்க்க வந்த ஹார்டி, வந்த டாக்ஸியின் எண் சுவாரஸ்யமே இல்லாத எண் என்று சொல்ல, இவர் படுக்கையிலிருந்தே, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார். மின்னல் அடித்த மாதிரி சொல்வார்கள் இதை. அவர் எழுதிவைத்த பக்கங்களில் 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்தால் 12-இன் கனத்தோடு ஒன்று கூடுதல் என்ற வரி இருக்கிறது. அதே 1729தான். அந்த எண்களோடு ஏற்கெனவே குடித்தனம் நடத்திய மனிதர் அவர்.

அவர் நம்மைப் போன்றவர்தான் என்று நான் சொல்லவில்லை. அந்த மாதிரி ஒருவர் எப்போதோதான் பிறக்கிறார். ஆளுக்கு ஆள் வேகம் வேறு, நாட்டம் வேறு, அதை மறுத்தால் பொய் சொல்கிறவனாவேன். ஆனால் பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராவுக்கு ராமானுஜன் எதற்கு? வரப்பில் நடக்கப் பழகும் பிள்ளையிடம் போய் நீ இமயமலை ஏறப் பிறந்தவளா என்று கேட்பீர்களா?

இந்த நம்பிக்கை உங்களையும் சும்மா விடவில்லை தம்பி. எம்-டூவில் இரண்டு அரியர் விழுந்ததும் 'என் திறமை அவ்வளவுதான்' என்று ஒதுங்கினீர்களே, அதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. 1998இல் முல்லர், டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனைகளை வெளியிட்டார்கள். புதிர் போட்ட பிள்ளைகளில் சிலரை 'நீ புத்திசாலி' என்று பாராட்டினார்கள், சிலரை 'நன்றாக உழைத்தாய்' என்று. அடுத்து எல்லோருக்கும் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு மறுபடி சுலபமானதைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் முதலில் போட்டதைவிட மோசமாகப் போட்டார்கள். உழைத்தாய் என்று கேட்டவர்கள் கூடுதலாகப் போட்டார்கள். 98 மார்க் வாங்கிய பையனை ஊரே 'கணக்குப் புலி' என்றிருக்கும். புலி ஒரு தடவை தடுக்கி விழுந்தால், அப்போ நான் புலி இல்லை போலிருக்கிறது என்றுதான் நினைக்கும். உங்கள் தங்கை 61 வாங்கியும் நோட்டைத் திறக்கிறாள், நீங்கள் இரண்டு அரியரில் மூடிவிட்டீர்கள்.

'உன்னால் முடியும்' என்று சுவரில் எழுதி ஒட்டினால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். மூளை பயிற்சியால் வளரக்கூடியது என்று சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகிறது என்று அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பின்தங்கிய பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியது, ஆனால் கொஞ்சம்தான். அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் நேரமும், கூட உட்கார ஒரு ஆளும், தப்பாகப் போட்டால் சிரிக்காத ஒரு வீடும் வேண்டும்.

அதனால் நீங்கள் லீவில் இருக்கும் நாட்களிலாவது மாட்டை நீங்கள் பாருங்கள். பாலை நீங்கள் ஊற்றுங்கள். மற்ற நாளுக்கு என்ன ஏற்பாடு என்று அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை வரை அவளுக்கு என்று ஒரு இடம், வெளிச்சம், ரப்பர் இல்லாத ஒரு பென்சில். பத்தாவது புத்தகத்தை எடுக்காதீர்கள், ஏழாவதிலோ எட்டாவதிலோ பின்னம் எங்கே இடறுகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் எம்-டூ புத்தகத்தையும் திறந்து வையுங்கள். நீங்கள் தப்பாகப் போட்டு அடித்துவிட்டுத் திரும்பப் போடுவதை அவள் பார்க்கட்டும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் வீடு என்ன சொல்கிறது என்று இருக்கிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று இருக்கிறது. எந்த குரூப் எடுக்க ஆசை என்று அவளிடம் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தை அவளை எழுதச் சொல்லுங்கள். உடனே பதில் போடுகிறேன்.

அன்புடன்