ஏரி போன பின்னும் ஏரிக்கரை

சென்னையின் பழைய பேட்டைகள் மாறிவரும் விதம் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருவுக்கு லேக் வியூ சாலை என்று பெயர். 'ஏரி எங்கே அம்மா?' என்று என் மகள் கேட்கிறாள். நான் என்ன சொல்ல? (ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்)

மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023-இல் திறக்கப்பட்ட நடைமேம்பாலத்துக்கு உங்கள் மகளை ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். அங்கே நின்று கிழக்கே பார்க்கச் சொல்லி, 'உன் கண்ணுக்குத் தெரியும் கடைகளும் கூட்டமும் நிற்கும் நிலத்தில் பெரும்பகுதி ஒருகாலத்தில் ஏரியாக இருந்தது' என்று சொல்லுங்கள். நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைத் திசை வரை நீண்டு கிடந்ததால் ஆங்கிலேயர் அதை 'நீண்ட ஏரி' என்றே குறித்தார்கள். நகரம் பெருகி வீட்டுமனைகள் தேவைப்பட்டபோது, 1920-களில் அந்த ஏரியைத் தூர்த்து மாம்பலம் குடியிருப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அப்போது மாகாணத்தை ஆண்டது நீதிக்கட்சி. பிட்டி தியாகராயர், பனகல் அரசர், நடேசனார், உஸ்மான், சௌந்தரபாண்டியனார் என்று அந்தக் கட்சியின் தலைவர்களுடைய பெயர்களே நகருக்கும் பூங்காவுக்கும் தெருக்களுக்கும் கடைவீதிக்கும் வந்து சேர்ந்தன. பாண்டி பஜாருக்கும் புதுச்சேரிக்கும் தொடர்பு இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்றும் பலர். அது சௌந்தரபாண்டியனார் அங்காடியின் சுருக்கம்.

ஆக, அந்தப் பக்கத்துத் தெருக்கள் ஏரியைத் தூர்த்தவர்களின் காலத்தைச் சொல்ல, உங்கள் தெரு மட்டும் ஏரியைச் சொல்கிறது. நுங்கம்பாக்கத்திலும் ஏரிப் பகுதி என்றும் ஏரிக்கரையைக் குறிக்கும் டேங்க் பண்ட் சாலை என்றும் பெயர்கள் எஞ்சியிருக்கின்றன. இவற்றை வெறும் பெயர்கள் என்று தள்ளிவிட முடியாது. வள்ளுவர் கோட்டத்தின் பக்கத்திலிருந்து புறப்பட்டு, தியாகராய நகரின் ஊடே சென்று, நந்தனம் வழியாக அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய் இன்றும் அந்தத் தாழ்நிலத்தின் நீரைத்தான் சுமக்கிறது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் தெருக்கள் நாள்கணக்கில் நீரில் நின்றபோது பலரும் திகைத்தார்கள். தாழ்ந்த படுகையில் மழை பெய்தால் நீர் அங்கே தேங்கும் என்பதில் திகைக்க ஒன்றுமில்லை. ஏரி இருந்ததையே மூன்று தலைமுறை மறந்துபோனதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. தெருவின் பெயர்ப் பலகைக்குக் கீழே பழைய ஏரியின் எல்லையைக் காட்டும் சிறு வரைபடம் ஒன்றை மாநகராட்சி பொருத்தினால், மனை வாங்க வருபவரும் கால்வாயில் குப்பை கொட்டுபவரும் ஒரு நொடியாவது நின்று யோசிப்பார்கள். உங்கள் மகள் கேட்ட கேள்வியை அங்கே குடியேறிய ஒவ்வொருவரும் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: மயிலாப்பூர் மாடவீதிக்கு அருகே எங்கள் பூர்விக வீட்டைக் கட்டுநரிடம் கொடுத்து ஃப்ளாட்டாக மாற்ற அண்ணன் தம்பிகள் முடிவு செய்துவிட்டோம். திண்ணை வைத்த வீட்டை இடிப்பது பாவம் என்று அத்தை அழுகிறார். நாங்கள் செய்வது தவறா? (ஒரு வாசகர், மயிலாப்பூர்)

உங்கள் அத்தையின் அழுகையை நான் மதிக்கிறேன். ஆனால், வீட்டை இடிப்பதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவதாக நான் நினைக்கவில்லை. நான்கு குடும்பங்களுக்குச் சேர வேண்டிய சொத்தை, நால்வரும் ஊரைவிட்டுப் போகாமல் பிரித்துக்கொள்ள நடுத்தரக் குடும்பத்துக்கு இருக்கும் வழிகள் மிகச் சில. மயிலாப்பூரில் 'பழையது' என்று நாம் கைகாட்டும் பொருள்களும் ஒரே காலத்தவை அல்ல. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய கபாலீச்சரம் கடற்கரையை ஒட்டி இருந்ததாகவும், போர்த்துகீசியர் சாந்தோமில் காலூன்றிய பிறகு அது அழிந்ததாகவும், இன்று நாம் வலம்வரும் கோயில் அதன் பின் எழுந்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். கட்டடம் இடம் மாறியிருக்கிறது; ஆனால் சம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் வரிசையாகச் சொல்லும் பங்குனி உத்திரமும் தைப்பூசமும் கார்த்திகை விளக்கீடும் இன்றும் அதே ஊரில் நடக்கின்றன. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் அறுபத்துமூவர் மாடவீதிகளில் எழுந்தருளும்போது, அந்த ஊர்வலத்தைப் பார்க்க வருபவர்களுக்கு நீர்மோரும் பானகமும் கொடுப்பவர்களில் திண்ணை வீட்டுக்காரரும் உண்டு, மூன்றாவது மாடி ஃப்ளாட்டிலிருந்து அண்டாவை இறக்கிக்கொண்டு வருபவரும் உண்டு.

ஆகவே, இடிப்பதா வேண்டாமா என்பதைவிட, எழப்போகும் கட்டடம் தெருவைப் பார்த்து நிற்குமா, முதுகைக் காட்டுமா என்பதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். பழைய வீட்டின் திண்ணை உங்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. வெயிலுக்கு ஒதுங்கும் தபால்காரரும் கூடையை இறக்கிவைக்கும் பூக்காரம்மாவும் கோயிலுக்கு நடந்து களைத்த பாட்டியும் உட்கார்ந்த இடம் அது. இன்று எழும் அடுக்ககங்களில் தரைத்தளம் முழுவதும் கார் நிறுத்த ஒதுக்கப்பட்டு, முன்னால் ஆளுயர இரும்புக் கதவு வந்துவிடுகிறது; நடந்துபோகிறவருக்கு ஒரு சாண் நிழல்கூட மிஞ்சுவதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கட்டுநரிடம் கண்டிப்பாகக் கேளுங்கள்: சுற்றுச்சுவருக்கு வெளியே பத்துப் பேர் அமரும் அளவுக்குக் கல்மேடை ஒன்று, அதற்கு மேல் நிழல். சதுர அடிக் கணக்கில் அது மிக அற்பம். கொடுக்க மறுக்கிறார் என்றால் இடமின்மை காரணமாக இருக்க முடியாது. அக்கறை இல்லை என்றுதான் பொருள்.

கிணற்றை மூட விடாதீர்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கடற்கரையை ஒட்டிய உங்கள் பகுதியின் மணற்பாங்கான மண்ணில், மொட்டைமாடி நீரை நிலத்துக்குள் இறக்க, பாட்டன் வெட்டிய அந்த உறைகிணற்றைவிடச் சிறந்த அமைப்பைக் கட்டுநர் புதிதாகச் செய்துவிடப் போவதில்லை. வீட்டைக் காலி செய்யும் முன், ரேழியிலிருந்து கொல்லைப்புறம் வரை அளந்து வரைபடம் எடுத்துவையுங்கள். உங்கள் வீட்டின் மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் முறையில் கட்டியதாக இருக்கக்கூடும். தேக்கு உத்திரங்களின் மேல், தட்டைச் செங்கற்களை நெட்டுக்குத்தாகவும் குறுக்குச்சாய்வாகவும் சுண்ணாம்புக் காரையில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து இறுக்கும் தளம் அது. அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் வேகமாகக் குறைந்துவருகிறார்கள். இடிக்கும்போது ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுத்து ஏதேனும் ஒரு கட்டடக்கலைக் கல்லூரிக்குக் கொடுத்தால், வேறொரு வீட்டைப் பழுதுபார்க்க அது உதவும்.

இன்னொன்று. கொல்லைப்புறத்துப் போர்ஷனில் ஒண்டுக்குடித்தனம் இருப்பவர்கள் இருந்தால் அவர்களை மறந்துவிடாதீர்கள். திருவல்லிக்கேணியில் அப்படியொரு ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். உடன்பிறந்தவர்களுக்கு ஆளுக்கொரு ஃப்ளாட் கிடைத்துவிடும். முப்பது ஆண்டுகள் அந்தத் தெருவில் வாழ்ந்து, பக்கத்துக் கடையில் கணக்கு எழுதியோ கோயில் வாசலில் பூக்கட்டியோ பிழைக்கும் குடும்பம் மட்டும் ஊரின் ஓரத்துக்குத் தள்ளப்படும். அவர்களுக்கு ஓர் ஆண்டு அவகாசமும், புதிய இடத்துக்கு முன்பணமும் கொடுத்து அனுப்புவது உங்கள் கடமை என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் பேரப்பிள்ளைகளும் ஒருநாள் இதே கேள்வியோடு நிற்பார்கள். 1980-களில் வீடுகளை இடித்துக் கட்டிய ஃப்ளாட்டுகளே இப்போது இடிபட்டு வருகின்றன. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று 2022-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் சொல்கிறது. அதனால் நிலத்தில் ஒவ்வொருவருக்கும் உரிய பிரிபடாத பாகத்தை இப்போதே பத்திரத்தில் தெளிவாக எழுதிவிடுங்கள்.

கேள்வி: பழைய வீடுகளின் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே காபிக் கடையும் துணிக்கடையும் வைப்பது பாதுகாப்பா, வேடமா? (ஒரு வாசகர், ஆழ்வார்ப்பேட்டை)

இடிபடுவதைவிட மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தெருவில் முன்பே குடியிருப்பவர் உள்ளே போய் ஒரு காபி குடிக்க முடிகிற விலையா என்று பாருங்கள். உங்கள் கேள்விக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

கேள்வி: பெரம்பூரில் பழைய ஆலை நிலத்தில் எழுந்த அடுக்ககத்தில் வீடு வாங்கியிருக்கிறோம். வாயிலுக்கு எதிரே இஸ்திரி வண்டி, காய்கறித் தள்ளுவண்டி, இட்லிக் கடை எல்லாம் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் இவற்றை அகற்ற மனு கொடுக்கப் போகிறோம். உங்கள் கருத்து? (ஒரு வாசகி, பெரம்பூர்)

கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் குடியேறியிருப்பது வெற்று நிலத்தில் அல்ல. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களுக்காக 1918-இல் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாகப் போற்றப்படுவது. 1921-இல் அவர்கள் மாதக்கணக்கில் நடத்திய வேலைநிறுத்தம் இந்த நகரத்தின் அரசியலையே அசைத்தது. 1996-இல் ஆலை மூடப்பட்டபோது சங்கு ஊதுவது நின்றதே தவிர, அந்தச் சங்குக்கு எழுந்து வேலைக்குப் போன குடும்பங்கள் அங்கேயேதான் இருந்தன. உங்கள் வாயிலில் இட்லி விற்கும் அம்மாவிடம், அவர் தகப்பனாரோ மாமனாரோ எங்கே வேலை பார்த்தார் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

சட்டத்தின் பக்கமும் ஒரு வார்த்தை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதை முடிவு செய்வதில் பங்கேற்கும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது இடங்களுக்குக் குறையாமல் வியாபாரிகளுக்கே உரியவை. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இயல்பாக நடந்துவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக மதித்து, அங்கிருப்பவர்களை இடம் மாற்றாமல் விட வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. கோயிலுக்கும் கோட்டைக்கும் கொடுக்கும் மரியாதையை வெண்டைக்காய்க் கூடைக்கும் கொடுத்த அந்த வரியை நான் மிகவும் மதிக்கிறேன்.

நெரிசல் உண்மையான குறை. அதற்கு உங்கள் சங்கம் செய்யக்கூடியது, உங்கள் சுற்றுச்சுவரை ஒட்டித் தண்ணீர்க் குழாயும் விளக்கும் குப்பைத் தொட்டியும் அமைத்து, வண்டிகள் நிற்க எல்லையை அவர்களோடு பேசிக் கோடு போட்டுக்கொள்வது. மழைநாளில் குழந்தைக்குப் பள்ளிச் சீருடையை அரைமணி நேரத்தில் இஸ்திரி போட்டுத் தர ஆள் வேண்டுமென்றால் நீங்கள் தேடப்போவது அந்த வண்டியைத்தான்.

கேள்வி: ஆண்டர்சன் தெருவில் தாத்தா காலத்திலிருந்து வாடகைக்குக் காகிதக் கடை நடத்துகிறோம். மெட்ரோ வந்துவிட்டது, வாடகை ஏறுகிறது. புறநகரில் கிடங்கு எடுத்துப் போய்விடலாமா? (ஒரு வணிகர், பாரிமுனை)

உங்கள் தெருவின் பலம் உங்கள் கடை ஒன்றில் இல்லை. திருமண அழைப்பிதழ் அடிக்க வருபவர் உங்களிடம் அட்டை வாங்கி, நாலு கடை தள்ளி அச்சுக்குக் கொடுத்து, உறைக்கும் நூலுக்கும் அடுத்த சந்துக்குப் போகிறார். காகிதத்துக்கு ஒரு தெரு, எழுதுபொருளுக்குப் பந்தர் தெரு, கண்ணாடிக்குத் தேவராஜ முதலி தெரு என்று ஜார்ஜ் டவுன் அமைந்திருப்பதால்தான் வெளியூர் வியாபாரி ஒரே நாளில் கொள்முதல் முடித்துத் திரும்ப முடிகிறது. கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வணிகம் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனபோது, லாரி நுழைய வழியில்லாத சந்துகளுக்கு விடிவு பிறந்தது உண்மைதான். அங்கே எல்லாரும் சேர்ந்து போனார்கள்; அதனால் பிழைத்தார்கள். நீங்கள் தனியாகப் போனால் வாடிக்கையாளர் உங்களைத் தேடி வரமாட்டார். அதனால் கிடங்கை மட்டும் புறநகருக்கு மாற்றுங்கள். மாதிரிகளும் கல்லாவும் இங்கேயே இருக்கட்டும்.

வாடகையைப் பொறுத்தவரை, 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுத்து மூலமான ஒப்பந்தமும் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் தேவை. தாத்தாவுக்கும் கட்டட உரிமையாளரின் தாத்தாவுக்கும் இருந்த வாய்ச்சொல்லை நம்பி இனி ஒருநாளும் உட்காராதீர்கள்.

மெட்ரோவை எதிரியாகப் பார்க்க வேண்டாம். 2019 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம், மண்ணடி நிலையங்கள் திறந்த பிறகு, வாங்க வருபவர் காரை எங்கே நிறுத்துவது என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அவர் வாங்கிய பொதி ரயிலில் ஏறாது. அது இன்றும் மீன்பாடி வண்டி என்ற மூன்று சக்கரச் சரக்கு வண்டியில்தான் பார்சல் அலுவலகத்துக்குப் போகிறது. இந்தப் பேட்டையின் போக்குவரத்தைச் சீரமைக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் நடைபாதைக்கும் பேருந்துக்கும் கோடு போடுகிறவர்கள், அந்த வண்டிக்கும் அதை மிதிப்பவருக்கும் நிற்க ஓர் இடம் குறிக்க வேண்டும் என்று உங்கள் வணிகர் சங்கம் கேட்கட்டும். காலை பத்து மணிக்கு முன் சரக்கு இறக்க நேரமும், பாரம் தூக்குபவர்கள் உட்கார நிழலும் சேர்த்துக் கேளுங்கள்.