இசை கேள்வி – பதில்: வாசிப்பின் நடுவே தளர்த்தப்படும் தந்தி

கேள்வி: பியாஜியோ மரினி என்ற இத்தாலியரின் வயலின் சொனாட்டா ஒன்றைக் கேட்டேன். நடுவில் வயலின் சற்று ஓய்ந்து, மீண்டும் ஒலித்தபோது இருவர் சேர்ந்து வாசிப்பதுபோல் இருந்தது. வாசித்தவரோ ஒருவர்தான். அந்த இடத்தில் நடப்பது என்ன?
– வாசகி, கும்பகோணம்

பதில்: 1629-இல் வெனிஸில் வெளியான மரினியின் எட்டாம் தொகுப்பில் உள்ள 'சொனாட்டா செகோண்டா டி இன்வென்சியோனே'யைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். 'இன்வென்சியோனே' என்றால் புதிதாகக் கண்டுபிடித்தது என்று பொருள். இங்கே அது வெறும் அலங்காரச் சொல் அன்று.

மேற்கத்திய முறையில் வயலினின் அடுத்தடுத்த தந்திகள், சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள இடைவெளியில் சுருதி சேர்க்கப்படுகின்றன. இந்த அமைப்பில் ஒரு சுரத்தையும் அதற்கு மேலுள்ள காந்தாரத்தையும் இரண்டு தந்திகளில் சேர்த்து ஒலிக்க வேண்டுமானால், கீழ்த்தந்தியில் மூன்றாம் விரலையும் மேல்தந்தியில் முதல் விரலையும் வைக்க வேண்டியிருப்பதால், அத்தகைய இணைகளை வேகமாகத் தொடர்ந்து வாசிப்பது கடினம். மரினி இதற்கு ஒரு வழி கண்டார். வயலின் பகுதியில் சில தாள அளவைகளை ஓய்வாக எழுதி, அதற்குள் கலைஞர் பிரடையைத் திருப்பி, உச்சத் தந்தியான 'ஈ'யை 'சி'க்கு, அதாவது அந்தர காந்தாரத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்கும் அளவுக்கு, தளர்த்துமாறு செய்தார். இப்போது மேலிரண்டு தந்திகளுக்கு நடுவே இருப்பது சாதாரண காந்தார இடைவெளி மட்டுமே. ஒரே விரலைக் குறுக்காக வைத்தாலே அந்த இணை ஒலிக்கும். அந்தர காந்தாரம் வேண்டுமானால் பக்கத்து விரல் போதும். நீங்கள் கேட்ட 'இருவர்' இப்படித்தான் வந்தார்கள். பிறகு இன்னோர் ஓய்வில் தந்தி பழைய நிலைக்கு ஏற்றப்படுகிறது.

அன்றைய தந்திகள் ஆட்டுக் குடலால் ஆனவை. சுருதியை மாற்றினால் உடனே நிலைகொள்ளாமல் நழுவக்கூடியவை. இதை அறிந்தும் அவையோர் முன்னிலையில் இவ்வாறு செய்யச் சொல்லும் துணிவு, ஏட்டில் மட்டும் இசை எழுதியவருக்கு வந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. பிரேசியாவில் பிறந்த மரினி, 1615-இல் வெனிஸின் புனித மார்க்கு தேவாலயத்தில், இசையமைப்பாளர் மொண்டெவெர்டி இசைத் தலைவராக இருந்த காலத்திலேயே, வயலின் கலைஞராகப் பணியில் சேர்ந்தவர்.

கேள்வி: மரினியின் இந்தச் சொனாட்டாவை அறை சொனாட்டா, அதாவது சிறு அறையில் சிலர் மட்டும் வாசிக்கும் சொனாட்டா, என்று அழைக்கலாமா? தனித்தனிப் பகுதிகளாகப் பிரியாமல் ஒரே ஓட்டமாக இருக்கிறதே?
– வாசகர், திருச்சி

பதில்: குரலுக்கு எழுதியது கான்டாட்டா, கருவியில் ஒலிப்பது சொனாட்டா என்ற அளவில்தான் 'சொனாட்டா' என்ற சொல் அப்போது வழங்கியது. மெதுவான பத்தியும் விரைவான பத்தியும் இடைவெளியின்றி ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதே அக்கால வழக்கம்; ஒரு வயலினும், எழுதப்பட்ட அடிச்சுர வரியைப் பார்த்துத் தாமே சுரக்கூட்டுகளை நிரப்பிக்கொள்ளும் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி) அல்லது தியோர்போ (நீண்ட கழுத்துள்ள மீட்டுக் கருவி) கலைஞரும் போதும் என்பதால், அறையிசை என்பதில் தவறில்லை. தேவாலய சொனாட்டா, அறை சொனாட்டா என்ற பாகுபாட்டைத் தலைப்பிலேயே தாங்கி மரினியின் இருபத்திரண்டாம் தொகுப்பு வந்தது 1655-இல்தான். அறை சொனாட்டா என்றதும் இன்று நினைவுக்கு வரும் நடன வரிசை, இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லி 1685-இல் வெளியிட்ட இரண்டாம் தொகுப்பின் வழியாகவே நிலைபெற்றது.

கேள்வி: மரினியின் வேறு எதைக் கேட்கலாம்?
– அதே வாசகர்

பதில்: அதே எட்டாம் தொகுப்பில் மூன்று வயலின்களுக்கான எதிரொலி சொனாட்டாவைக் கேளுங்கள். முதல் வயலின் உரக்க வாசிக்கும் சொற்றொடர்களின் முடிவை மற்ற இரண்டும் திருப்பிச் சொல்கின்றன. அந்த இருவரும் அவையோர் கண்ணில் படக்கூடாது என்று மரினி குறிப்பு எழுதியிருக்கிறார். ஆகவே இதை ஒலிப்பதிவில் கேட்பதைவிட, கலைஞர்கள் திரைக்குப் பின்னே நிற்கும் கச்சேரியில் கேட்பது சிறப்பு.