மீட்டரில் 0.9 வோல்ட், விளக்கில் வெளிச்சம் இல்லை

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக நுண்ணுயிர் எரிபொருள் கலம் செய்தோம். ஒரு டப்பாவில் சாணக் கரைசலும் அரிசி களைந்த தண்ணீரும், இன்னொன்றில் உப்புத் தண்ணீர், நடுவே அகர் ஊற்றிய குழாய். சாணத்தில் துத்தநாகத் தகடு, உப்புத் தண்ணீரில் செம்புத் தகடு. முதல் நாளே மீட்டர் 0.9 வோல்ட் காட்டியது. ஆனால் சிவப்பு எல்இடி எரியவில்லை. எங்கே தவறு? இதையே பெரிதாகச் செய்து விடுதிச் சமையலறைக் கழிவில் விளக்கு எரிக்கலாமா?

பதில்: முதல் நாளே 0.9 வோல்ட் வந்ததுதான் துப்பு. நுண்ணுயிர்கள் அவ்வளவு சீக்கிரம் வேலைக்கு வராது. உங்களுடையது எலுமிச்சம்பழத்தில் ஆணி குத்திச் செய்யும் மின்கலத்தின் பெரிய வடிவம். மின்சாரம் தருவது கரைந்துகொண்டிருக்கும் துத்தநாகம், சாணம் அல்ல. சந்தேகமிருந்தால் சாணக் கரைசலைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றிப் பாருங்கள். உயிர்கள் செத்த பிறகும் மீட்டர் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டும்.

ஜியோபேக்டர் போன்ற பாக்டீரியாக்கள் காற்றில்லாத சேற்றில் உணவைச் சிதைத்து, மிஞ்சும் எலக்ட்ரான்களைத் தம் உடலுக்கு வெளியே இருக்கும் இரும்புத் தாதுவிடம் தள்ளிவிடும். அந்தத் தாதுவின் இடத்தில் கரையாத, கடத்தும் பொருளை வைத்தால் எலக்ட்ரான் நமக்குக் கிடைக்கும். அதனால்தான் இந்தக் கலங்களில் மின்முனைக்கு உலோகத் தகடு அல்ல, கார்பன். ஒரு கலத்தால் கணக்குப்படி சுமார் 1.1 வோல்ட் தர முடியும். சுமை இல்லாதபோது கைக்கு வருவது 0.5 முதல் 0.8 வரைதான்.

எல்இடி எரியாததற்குக் காரணம் வேறு. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம். அது கலத்திலிருந்து மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. அகர் பாலம் வைத்த கலங்களிலோ உள்தடை 20,000 ஓம் வரை போகும். 0.9 வோல்ட்டை அதால் வகுத்தால் 0.045 மில்லிஆம்பியர். சிவப்பு எல்இடிக்குச் சுமார் 1.7 வோல்ட்டும், கண்ணுக்குத் தெரிய 1 மில்லிஆம்பியரும் வேண்டும்.

அகர் குழாயை விட்டுவிட்டு மண் கலயத்துக்கு வாருங்கள். கரக்பூர் ஐஐடியில் கங்ரேக்கர் குழு, கலத்தின் இரு பக்கங்களையும் பிரிக்கும் விலையுயர்ந்த சவ்வுக்குப் பதிலாக மண்பானையையே வைத்துக் காட்டியிருக்கிறது. மெருகு பூசாத, ஓட்டையில்லாத, 1 லிட்டர் கலயம் போதும். தண்ணீர் ஊற்றி வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெளிப்புறம் ஈரம் கசிய வேண்டும். கசியாத கலயம் உதவாது.

10×20 செ.மீ. கார்பன் ஃபெல்ட் (கம்பளி போன்ற கார்பன் இழை விரிப்பு) இரண்டு துண்டுகள் வாங்குங்கள். ஒன்றைச் சுருட்டி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியால் தைத்து உள்ளே இறக்குங்கள். மற்றொன்றைக் கலயத்தின் வெளிப்புறம் இறுக்கிச் சுற்றி, அதே கம்பியால் கட்டுங்கள். உள்ளே செம்புக் கம்பி ஒரு துளி நனையக்கூடாது. மூடிக்கு வெளியே வந்த பிறகுதான் செம்போடு இணைப்பு. குளத்தடிக் கருஞ்சேறு 200 கிராம், முந்தைய நாள் அரிசி களைந்த தண்ணீர் 700 மி.லி., ஆப்ப சோடா 2 கிராம் கலந்து வடிகட்டி விளிம்புவரை ஊற்றி, மூடியை எம்-சீல் வைத்து அடையுங்கள். வாயு வெளியேற மெல்லிய குழாய் ஒன்றை மூடி வழியாகச் செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். உள்முனை எதிர், வெளிமுனை நேர்.

முதல் நாளிலிருந்தே இரண்டுக்கும் நடுவே 1,000 ஓம் ரெசிஸ்டர் இருக்கட்டும். பலர் இதைச் செய்வதில்லை. சுற்று திறந்தே கிடந்தால் மின்முனையில் உயிர்கள் குடியேறாது. மீத்தேன் விடும் நுண்ணுயிர்கள் உணவைத் தின்றுவிடும். வோல்ட் ஏற 5 முதல் 10 நாள் ஆகும். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதித் திரவத்தை மாற்றினால் போதும்.

ஏறிய வோல்ட் திடீரென்று விழுந்தால் முதலில் பிஎச் தாளை நனையுங்கள். மாவுச்சத்து புளித்து 6க்குக் கீழே போயிருந்தால் இன்னும் 1 கிராம் சோடா. பிஎச் சரியாக இருந்தால் மூடி வழியே காற்று புகுகிறதா, வெளி ஃபெல்ட் காய்ந்ததா என்று பாருங்கள். சில வாரங்களில் வெளியே வெள்ளை உப்பு பூக்கும்; நீர்த்த வினிகரால் கழுவலாம். எண்ணெய்ப் பிசுக்கான குழம்பை ஊற்றாதீர்கள், ஃபெல்ட் அடைத்துக்கொள்ளும்.

அளவிடும்போது ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் பொறுத்து வோல்ட்டைக் குறியுங்கள். வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் வாட். 1,000 ஓமில் 0.53, 470இல் 0.44, 220இல் 0.33, 100இல் 0.20 வோல்ட் வந்தால், திறன் முறையே 0.28, 0.41, 0.50, 0.40 மில்லிவாட். உச்சம் 220 ஓமில். கலத்தின் உள்தடையும் ஏறக்குறைய அதுதான்.

எல்இடியை மின்ன வைக்கக் கலயங்களைத் தொடராக அடுக்கத் தோன்றும். அதில் ஒரு வம்பு உண்டு: பலவீனமான கலயத்தின் முனை தலைகீழாகத் திரும்பி மற்றவற்றையும் இழுத்துவிடும். அதைவிட 4,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஐந்தைப் பக்க இணைப்பில் வைத்து ஒரே கலயத்தால் அரை நிமிடம் 0.5 வோல்ட் வரை ஏற்றுங்கள். பிறகு சுவிட்ச் மாற்றித் தொடராக்கினால் 2.5 வோல்ட். சிவப்பு எல்இடி அரை நொடி பளிச்சிடும். கண்காட்சிக்கு அது போதும்.

விடுதிக்கு? அரை மில்லிவாட் கலயத்தைக் கொண்டு 9 வாட் விளக்கு ஒன்று எரிக்க 18,000 கலயம் வேண்டும். கலத்தைப் பெரிதாக்கினாலும் திறன் அந்த விகிதத்தில் ஏறாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் குழு 2015இல் கிளாஸ்டன்பரி விழாவில் சிறுநீரைக் கொண்டு கழிப்பறை விளக்கை எரித்தது உண்மை. ஆனால் அது பல கலங்களைச் சேர்த்து, சில எல்இடிகளுக்காகச் செய்தது. உங்கள் சமையலறைக்குச் சாண எரிவாயுக் கலனைப் பரிந்துரைப்பேன். 10 கிலோ உணவுக் கழிவு சுமார் 1 கன மீட்டர் வாயு தரும். சமையல் காஸில் அது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கலனிலிருந்து வெளிவரும் கரைசலைக் குளத்துச் சேற்றுக்குப் பதிலாகக் கலயத்தில் ஊற்றலாம். ஆனால் அதில் மீத்தேன் விடுபவை அதிகம், ரெசிஸ்டரை ஒரு நாள்கூடக் கழற்றாதீர்கள்.