அட்டை கேட்காத அட்டை

கேள்வி: தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது அட்டை கடித்தால் மணிக்கணக்கில் இரத்தம் நிற்பதில்லையே, ஏன்? அது கெட்ட இரத்தத்தைத்தான் குடிக்கும் என்கிறார்களே?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: அட்டை என்றதும் அடையாள அட்டையோ என்று ஒரு கணம் பயந்துபோனோம். 1948இல் இலங்கையில் சட்டம் போட்டு மலையகத் தோட்டத் தமிழரான நம்மை நாடற்றவர்களாக்கினார்கள். மிச்சம் மீதி இருந்தவர்களுக்கு 2003இல் இன்னொரு சட்டம் வந்துதான் பிரஜாவுரிமை கிடைத்தது. இடைப்பட்ட 55 வருஷமும் எந்த அட்டையும் கேட்காமல் நம்மாட்களைத் தேடி வந்தது இந்த அட்டை ஒன்றுதான்.

அதற்கு நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் என்ற பேதமும் கிடையாது. கருஞ்சிவப்பாக இருப்பது ஒட்சிசன் குறைந்த இரத்தம், அவ்வளவே. வாய்க்கு எட்டியதைக் குடிக்கும். வயிறு நிறைந்தால் தானே கழன்று விழுந்துவிடும். கொழுந்து நிறுக்கையில் தண்ணீருக்கென்று எடையில் கழிக்கிறார்களே, அந்தத் தராசுக்கு இப்படி ஒரு நிறைவு வந்து நாம் பார்த்ததில்லை.

இரத்தம் நிற்காததற்கு அதன் எச்சில்தான் காரணம். சாதாரணக் காயத்தில் திரொம்பின் என்ற நொதியம், இரத்தத்தில் கரைந்திருக்கும் ஒரு புரதத்தை நாராக்கி வலை பின்னும். அந்த வலையில் இரத்த அணுக்கள் சிக்கிக் கட்டியாகும். அட்டையின் எச்சில் இந்தப் பின்னலைத் தடுக்கிறது. மருத்துவ அட்டையின் எச்சிலில் உள்ள ஹிருடின், திரொம்பினையே பிடித்துக் கட்டிப்போடும். அட்டைச் சாற்றில் இப்படி ஒரு சரக்கு இருப்பதை ஹேகிராப்ட் என்ற ஆய்வாளர் 1884இலேயே கண்டுவிட்டார். அட்டை போனாலும் எச்சில் காயத்தில் இருக்கிறது. அது கழுவுண்டு போகும்வரை கசியும்.

கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் உப்பு, சுண்ணாம்பு, தீக்குச்சி எதையும் வைக்காதீர்கள். குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். அதன் குடலில் இருக்கும் கிருமியும் சேர்ந்து வரும். வேலைக்குப் போகுமுன் காலில் சவர்க்காரம் பூசுவது வேறு விஷயம், அது நல்லது. ஆனால் மழையில் கரைந்துவிடும், திரும்பப் பூச வேண்டும்.

மெல்லிய நுனிதான் வாய்ப்பக்கம். அதன் ஓரத்தில் நகத்தைக் கிடையாக வைத்துத் தோலோடு ஒட்டித் தள்ளுங்கள், பிடி விடும். உடனே தடித்த பக்கத்தையும் அப்படியே தள்ளிச் சுண்டி விடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் காயம் பெரிதாகும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் 15 நிமிஷம் அழுத்துங்கள். நின்றதா என்று இடையிடையே தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அப்புறமும் கொஞ்சம் கசிந்தால் பயப்பட வேண்டாம், கட்டுப் போட்டால் போதும். அரித்தாலும் சொறியாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், மூக்குக்குள் அட்டை போனவர்களும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கடைசியாக, நமக்கு வெகுநாளாக ஆகாத ஒரு பழமொழி: அட்டையைத் தூக்கி மெத்தையில் வைத்தாலும் செத்தையைத்தான் தேடுமாம். லயத்துப் பிள்ளை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்த பிள்ளை, படித்து மேலே வந்தால், முதுகுக்குப் பின்னால் இதைச் சொல்லிச் சிரிக்கிற கூட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது. அட்டைக்கு நுரையீரல் கிடையாது ஐயா, தோலால்தான் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் செத்துப்போகும். ஈரச் செத்தையைத் தேடாமல் உங்கள் பஞ்சு மெத்தையில் படுத்து அது என்ன செய்யும்?